பேச்சி கழற்றிய பித்தளைக் கால்

பேச்சியம்மாள் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. காலையில் கடையைத் திறந்து, வாசல் தெளித்து, மிஷின்களை ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து அவள் கணவர் கூப்பிட்டார். "சுப்புலட்சுமி, ஒரு போஸ்டர் அடிக்கணும்மா" என்றார். யாருக்கு என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான். எங்கள் கடையில் பாதி வேலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பெயர், தோற்றம், மறைவு, துயருறும் குடும்பத்தார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்வது கைப்பழக்கமாகிவிட்டது.  "நம்ம பேச்சிக்குத்தான்" என்றார் அவர்.

போஸ்டரை நான்தான் செய்தேன். கடை ஆரம்பித்த புதிதில் ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்த அவளுடைய படம் இன்னும் இருந்தது. அதைச் சுத்தம் செய்து, சுற்றிலும் மாலை போட்டு, பெயரைப் பெரிதாக வைத்தேன். 'மறைவு' என்ற இடத்தில் மட்டும் கை ஓடவில்லை. கடையில் வேலை பார்க்கும் கலா என் தோளைத் தொட்டு நகரச் சொல்லி, அதை அவள் அடித்து முடித்தாள்.

போஸ்டரில் நான்கு வரிக்குத்தான் இடம். கோவில்பட்டியில் அவளிடம் தட்டச்சு கற்றவர்கள் இருக்கிறீர்கள். தீப்பெட்டி லேபிள் போடக் கொடுத்துவிட்டு அவளிடம் திட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். மீதியை உங்களுக்காக எழுதுகிறேன். அச்சில் வருவதால் 'அவர்' என்று எழுதத்தான் தொடங்கினேன். இரண்டு வரி எழுதியதும் யாரோ தெரியாத அம்மாளைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சிக்கு ஊர் பசுவந்தனை. ஆடு வளர்க்கிற குடும்பம். கல்லூரி முடித்துவிட்டு நாங்கள் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தோம். அங்கே ஒரு மிஷினுக்கு மூன்று பேர். கீபோர்டு கைக்கு வரும்போது மணி அடித்துவிடும். ஒருநாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது பேச்சி சொன்னாள்: "ஏட்டி சுப்பு, அடுத்தவன் மிஷின எட்டிப் பாத்தே காலம் போயிரும் போல. நாமளே ஒண்ணு கட்டுவோமா?" அவள் வீடு கட்டுவதைச் சொல்வது போல அதைச் சொன்னாள். இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. ஊரில் லேபிள் வேலைக்கு எல்லாரும் சிவகாசிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். இங்கேயே ஒரு கடை போட்டால் வேலை வரும் என்பது எங்கள் நினைப்பு.

பாகங்களை மதுரையில் வாங்கி, பாசஞ்சர் ரயிலில் கொண்டுவந்தோம். மதர்போர்டு அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, முந்தானையால் மூடியிருந்தாள். எதிரே இருந்த பெரியம்மா, "என்னத்தம்மா அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்க?" என்று கேட்டார். "ஆட்டுக்குட்டி பெரியம்மா. காத்துப் பட்டா கத்தும்" என்றாள் பேச்சி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அந்த அம்மாள் இறங்கும்வரை பெட்டியையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆனால் அந்த ஆட்டுக்குட்டி கத்தவில்லை.

மெயின்ரோட்டுக்குப் பின்னால் வாடகைக்குப் பிடித்த அறையில் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, பட்டனை அழுத்தினோம். உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவுதான். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகி அழுத்தினோம். மறுபடியும் அதே அரைச் சுற்று. வெள்ளிக்கிழமை காலை கடை திறப்பு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அன்று வியாழன் மதியம்.

கடை திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என் அப்பா கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். பேச்சிக்கு அப்படி இல்லை. அவள் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அங்கேயே அவளுக்கு ஆபீஸ் வேலை பேசி வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்திருந்தார். "வெள்ளிக்கெழம கட தொறந்து ஒரு வேலையாவது வந்துட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லன்னா ஞாயித்துக்கெழம என்கூட வண்டி ஏறணும்" என்பது அவர் பேச்சு. அவர் கெட்டவர் இல்லை. அன்றுகூட எங்களுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டுதான் வந்தார். வாசலில் நின்று அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார்.

"ஏட்டி பேச்சி, டிவி ஓடலையா?"

"டிவி இல்லண்ணே, கம்ப்யூட்டர்."

"எதுவோ ஒண்ணு. ஓடலல்லா?"

பேச்சி ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். அவர் என்னைப் பார்த்து, "நீயாவது எடுத்துச் சொல்லும்மா. அங்கன மாசாமாசம் சம்பளம், ஹாஸ்டல் இருக்கு. இங்கன என்ன இருக்கு?" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. 'இங்கே நான் இருக்கிறேன்' என்பதுதான் அது. வெளியே சொல்லக்கூடிய பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தை வாங்கி ஜன்னலில் வைத்தேன்.

அவர் போனபிறகு பேச்சி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எந்த மிஷின் படுத்தாலும் பிற்பாடு அவள் செய்த எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் முதல்முதலில் செய்தாள். பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று டேபிள் ஃபேனை மாட்டிப் பார்த்தாள். வந்தது. கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டியைத் தனியே கழற்றினாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி வளைத்தாள். அந்தப் பெட்டியிலிருந்து வரும் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் அதால் இணைத்தாள். அதன் விசிறி ஒழுங்காகச் சுற்றியது. "இவன் நல்லவன்" என்று சொல்லி மறுபடி மாட்டினாள். பிறகு ரேமைக் கழற்றி, அதன் முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினோம். அசைவில்லை. ரேமே இல்லாமல் ஆன் செய்தால் மதர்போர்டு விட்டு விட்டுக் கத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கழற்றிவிட்டு அழுத்தினோம். கத்தவில்லை.

"கத்துனா பொழச்சுக்கும் சுப்பு. என்ன நோவுன்னு அதுவே சொல்லிரும். சத்தமே இல்லாமக் கெடக்கு பாரு, அதான் பயமா இருக்கு" என்றாள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் பின்னாளில் சொன்ன வாசகம் இதுதான். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

போர்டு எரிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். மதுரைக்குப் போய் மாற்றி வரவேண்டும், இரண்டு நாளாவது ஆகும், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருந்த மிட்டாயில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். எனக்கு அது இனிக்கவே இல்லை. பேச்சி என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"எங்க பட்டியில ஒரு ஆடு எந்திரிக்கலன்னா எங்கய்யா என்ன செய்வாவ தெரியுமா? மொதல்ல அதத் தூக்கிப் பட்டிக்கு வெளிய விடுவாவ. வெளிய நடந்துச்சுன்னா ஆட்டுக்கு ஒண்ணுமில்ல. பட்டியிலதான் முள்ளு கெடக்குன்னு அர்த்தம்."

"இப்ப ஆட்டுக் கத எதுக்குட்டி?"

"போர்ட வெளிய எடு, சொல்லுதேன்."

மதர்போர்டைக் கேபினெட்டிலிருந்து திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்தோம். தீப்பெட்டிப் பண்டல் கட்டுகிற அட்டை ஒன்று அறையில் கிடந்தது. அதன்மேல் போர்டை வைத்து, ரேமையும் டிஸ்ப்ளே கார்டையும் மாட்டினோம். கேபினெட்டிலிருந்து பவர் சப்ளை ஒயரையும் ஸ்பீக்கர் ஒயரையும் மட்டும் இழுத்துச் சொருகினோம். பட்டன் கேபினெட்டில் இருந்ததால், பட்டனுக்குப் பதில் இரண்டு சிறு கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட வேண்டும். "நீ தொடு" என்றாள். "நீயே தொடு" என்றேன். அவள் தொட்டாள்.

விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

அந்த அட்டையின்மேல் போர்டு மூச்சுவிட்டுக்கொண்டு இருந்த நேரம் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. நாங்கள் குதிக்கவில்லை, கத்தவில்லை. பேச்சி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பிறகு அவள், "ஆடு நல்லாருக்கு. முள்ளத் தேடுவோம்" என்றாள்.

கேபினெட்டின் உள்தகடு வெறுமையாக இருந்தது. அதில் வரிசையாகத் துளைகள். மதர்போர்டு தகட்டில் நேராகப் படாமல் சற்று உயர்ந்து நிற்பதற்காக, அந்தத் துளைகளில் சிறு பித்தளைக் கால்களைத் திருகி, அவற்றின்மேல்தான் போர்டை வைப்பார்கள். தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, எல்லாத் துளையிலும் பித்தளைக் கால் நிற்பதை நான் பார்த்தேன். போர்டை எடுத்து மேலே காட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு காலுக்கு நேராகப் போர்டில் ஓட்டை இல்லை. அந்தக் கால் போர்டின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவேண்டிய வழியில் போகாமல் அதன் வழியாகத் தகட்டில் இறங்கியிருக்கிறது. அதனால்தான் விசிறி அரைச் சுற்றோடு நின்றது. ஒவ்வொரு போர்டுக்கும் ஓட்டை வேறு வேறு இடத்தில் இருக்கும் என்பதால் தகட்டில் துளைகள் அதிகம் விட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் நிரப்பக் கூடாது. நாங்கள் நிரப்பியிருந்தோம்.

நாங்கள் நிரப்பியதற்குக் காரணம் இருந்தது. பேச்சி சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். நானும் எங்கள் தெருவில் அதே வேலையைப் பார்த்தவள்தான். பள்ளம் பள்ளமாக வெட்டிய கட்டைகளில், பள்ளத்துக்கு ஒரு குச்சி வைக்க வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் கணக்குப்பிள்ளை கட்டையைத் திருப்பித் தள்ளிவிடுவார். குச்சிகளை மருந்தில் முக்குவதற்கு முன்னால் அப்படி எல்லாக் கட்டையும் நிறைந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காலியான பள்ளம் கண்ணை உறுத்தும். மதர்போர்டை வைப்பதற்கு முன்னால் பேச்சி கால்களைத் திருகிக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு காலியாக் கெடக்குட்டி" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான். வாங்கித் திருகியது அவள். இரண்டு பேருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை.

பேச்சி அந்தக் காலை விரலாலேயே கழற்றினாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "கணக்குப்பிள்ள பாத்தா நம்மள மெச்சிருப்பாரு சுப்பு! ஒரு பள்ளம் விடாம அடுக்கிருக்கோம்!" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி, துளை காலியாக இருந்த அந்த இடத்தைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "காலியா இருக்கவேண்டியதக் காலியா விடணும் போல."

மறுநாள் காலை கடை திறந்தது. லேபிள் அண்ணாச்சி என்று நாங்கள் அழைத்த தீப்பெட்டி முதலாளிதான் முதலில் வந்தார். அவர் ஒரு தினுசாகப் பேசுவார். "என் குச்சி ஒரு ஒரசுல பத்தும். ஒங்க பொட்டி எத்தன ஒரசும்மா?" என்றார். பேச்சி பட்டனை அழுத்தினாள். 'பீப்' என்றது. "ஒரே ஒரசு அண்ணாச்சி" என்றாள். மூன்று கோழிகள் நிற்கிற லேபிள் ஒன்றைக் கொடுத்தார் அவர். கோழிகளைக் கொஞ்சம் கொழுகொழுவென்று ஆக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வாசலில் நின்ற பேச்சியின் அண்ணன் அந்த லேபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழிக்குக் கூலி குடுப்பாவளா?" என்று கேட்டார். அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தனியாகத்தான் திருப்பூர் ரயில் ஏறினார்.

அதன்பிறகு பல வருடம் நாங்கள் ஒன்றாக இருந்தோம். கோடையில் கரிசல் காற்று அடிக்கும்போது கேபினெட்டுக்குள் மண் அப்பிவிடும். பேச்சி சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து வைத்து ஊதுவாள். கடலைமிட்டாய் தின்ற கையோடு யாராவது கீபோர்டைத் தொட்டால் அவளுக்குக் கொலைவெறி வரும். லேபிள் அண்ணாச்சியின் கையையே தட்டிவிட்டு, "முதலாளியா இருந்தா என்ன, அந்தக் கொழாய்ல போய்க் கைய அலம்பிட்டு வாங்க" என்றிருக்கிறாள். அவரும் போய் அலம்பிவிட்டு வந்தார். வெளியே எங்கேயும் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

கல்யாணமாகி அவள் தூத்துக்குடிக்குப் போனபிறகும் கடையின் வைத்தியம் அவளிடம்தான். மிஷின் ஏதாவது படுத்துக்கொண்டால் போன் போடுவேன். "போனப் பொட்டி பக்கத்துல வையி" என்பாள். வைப்பேன். பட்டனை அழுத்துவேன். அங்கே துறைமுகத்து இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து, இங்கே வருகிற சத்தத்தைக் கேட்டே சொல்வாள்: "நீட்டிக் கத்துது. ரேமத் தேய்." "கார்டு சரியா உக்காரல, அமுக்கு." வேலை முடிந்தபிறகும் நாங்கள் போனை வைக்க மாட்டோம். சில நாட்களில் ஒன்றும் கெட்டுப்போகாமலே, மிஷின் ஏதோ மாதிரி இருக்கிறது என்று சொல்லி நான் போன் போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியும். "இங்க கேக்கலையே, இன்னொருக்க அமுக்கு" என்பாள்.

கடைசியாகப் பேசியதும் ஒரு மிஷினைப் பற்றித்தான். இப்போது வருகிற மிஷின்களில் பாதி சத்தமே போடுவதில்லை. ஸ்பீக்கரே வைப்பதில்லை. "போனை வச்சு என்னத்தக் கேக்க" என்று நான் புலம்பினேன். "அப்ப வெளிய எடுத்து வச்சுப் பாரு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "வெயிலு" என்றாள். நான் நம்பினேன். எங்கள் பக்கத்தில் யார்தான் வெயிலை நம்பாமல் இருப்பார்கள்.

தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் கணவர் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். நோய் முற்றிப்போய்க் கொஞ்ச காலமாகவே படுக்கையில்தான் இருந்திருக்கிறாள். எனக்குச் சொல்லக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். "ஏன்னு கேட்டேன்மா. 'சுப்புக்குத் தெரிஞ்சா மொத பஸ்ஸப் புடிச்சு வந்து என்னையக் கழட்டிப் பாக்கணும்பா' அப்படின்னா." சொல்லிவிட்டு அவர் சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன். கத்தினால் பிழைத்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் ஒரு சத்தமும் போடாமல் போய்விட்டாள்.

திரும்பி வந்து கடையைத் திறந்தபோது கலா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். பேச்சி உட்கார்ந்த ஜன்னலோர மேசை இத்தனை வருடமாகச் சும்மா கிடக்கிறது. அதில் ஒரு ஜெராக்ஸ் மிஷின் போடலாமே என்பது அவள் யோசனை. நல்ல யோசனைதான். இடம் போதாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். அந்தப் பித்தளைக் காலை இழுப்பறையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அதைத் திருப்பிப் பார்த்தாள். "இத்தூண்டா?" என்றாள்.

பேச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை அதிகமில்லை. அந்தப் பித்தளைக் கால் இருக்கிறது. அந்த மேசை இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் ஒரு நிமிடம் யாரிடமும் பேசாமல் காதைக் கொடுத்து நிற்பேன். சத்தம் போடாத மிஷின்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் நிற்பேன். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் யாராவது பேச்சுக் கொடுத்தால் கலா அவர்களை அடக்குகிறாள். "சும்மா இருங்க, அக்கா சாமி கும்பிடுதாவ" என்கிறாள். நான் மறுப்பதில்லை.